ஐந்தாம் வரிசையின் வலப்பக்கம்

முதலில் அறிந்திருக்க வேண்டியவை சில உள்ளன. அவற்றைச் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு சமர்ப்பித்தவர், பட்டம் கைக்கு வருவதற்கு முன் பொது வாய்மொழித் தேர்வில் நிற்க வேண்டும். பொது என்பதால் அந்த அறையின் கதவு திறந்தே இருக்கும். எவரும் வந்து அமரலாம், எவரும் கேட்கலாம். நடைமுறையில் கேள்விகளை நெறியாளரே தம் மாணவர்களுக்கு முந்தைய நாள் பங்கிட்டுக் கொடுத்துவிடுவார். சிற்றுண்டி, நிற்பவரின் பொறுப்பு. நின்றவள் நான். பெயர் செண்பகவல்லி. திருநெல்வேலியில் ஒரு பெண்கள் பள்ளியில் இலக்கணம் கற்பிப்பவள். பகுதிநேர ஆய்வாளர். விதிகள் அனுமதித்த நீட்டிப்புகள் அனைத்தையும் பெற்று முடித்தவள். ஆய்வேடு திருப்பி அனுப்பப்பட்டால் என் பதிவு காலாவதியாகும், அதன்பின் ஒன்றுமில்லை. என் பொருள், தற்கால மிகுபுனைவு நாவல்களில் ஞானவாதக் கருத்துகள். ஞானவாதம் என்பது ஆதிக் கிறித்தவத்தின் ஓரங்களில் முளைத்துத் திருச்சபையால் விலக்கப்பட்ட பழங்கொள்கை. இவ்வுலகைச் செய்தவன் உயர்ந்த கடவுள் அல்லன், தனக்கு மேல் ஒன்று உண்டு என்பதையே அறியாத ஒரு கீழ்த்தெய்வம் என்று அது சொல்லும். உலகமும் உடலும் அவன் கட்டிய சிறை. ஆயினும் மனிதருக்குள் அவன் செய்யாத ஒரு பொறி இருக்கிறது, அதை அறிவதே விடுதலை. இக்கொள்கை வழிபாட்டு இடங்களை விட்டு நீங்கி நெடுங்காலமாயிற்று. மந்திரவாதிகளும் வேற்றுலகங்களும் நிறைந்த நாவல்களில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. இன்னும் ஒன்று: எங்கள் தமிழ்த்துறைகளில் எந்த அயற்கருத்தை ஆய்ந்தாலும், இது நம்மிடம் முன்பே உண்டு என்று இறுதியில் ஓர் இயல் எழுதுவது வழக்கம். நானும் எழுதினேன். அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. இடப்பக்கம் ஞானவாதம், வலப்பக்கம் சைவ சித்தாந்தம், நடுவே ஒரு கோடு. அன்று முற்பகல் ஒரு கேள்விக்கும் அதன் விடைக்கும் இடையே தேநீர் வழங்கப்பட்டது. நான் சொல்ல வந்தது அந்த இடைவெளியைப் பற்றி.

கேட்டவர் புறத்தேர்வாளர் பேராசிரியர் ஜெபமணி, நாகர்கோவில்காரர், கிறித்தவர், ஆய்வேட்டின் ஓரங்களில் வண்ணத்தாள்கள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தவர். "டீச்சர், அஞ்சாவது வரிசையக் கொஞ்சம் பாருங்க. இந்தப் பக்கம், உலகம் ஒரு அறிவுகெட்டவன் கட்டின ஜெயிலுன்னு போட்டிருக்கிய. அந்தப் பக்கம், உலகம் மாயையின் காரியம், உயிரைக் கட்டும் தளைன்னு போட்டிட்டு, ரெண்டும் ஒண்ணுதான்னு முடிக்கிய. நான் வேதக்காரன், எனக்குத் தெரிஞ்ச சித்தாந்தம் கொஞ்சம்தான். ஆனா உங்க சித்தாந்தத்துல இந்த உடம்பையும் உலகத்தையும் உயிர் மேல இரக்கப்பட்டுல்லா கடவுள் குடுக்காரு? இரக்கப்பட்டுக் குடுத்ததும் அடைச்சுப் போட்டதும் எப்படி ஒண்ணாவும்?" அவர் குரலில் வன்மம் இல்லை. வன்மம் இருந்தால் எதிர்க்கலாம், இது உண்மையாகவே விடை தேடுகிற குரல். நான் வாய் திறக்குமுன் துறைப் பணியாளர் இசக்கியம்மாள் கெட்டிலோடு உள்ளே வந்துவிட்டார். ஜெபமணி சிரித்தார். "மொதல்ல டீயக் குடிங்க. பொறவு சொல்லுங்க. அல்வா வேற இங்க வரைக்கும் மணக்கு." என் நெறியாளர் சுடலைமணி, என்னைவிட வயதில் இளையவர், எழுந்து வந்து தாளை எடுப்பதுபோலக் குனிந்து என் காதருகே சொன்னார்: "டீச்சர், ஒண்ணும் பதறாதிய. ஐயா சுட்டியதைப் பின்னாய்வில் விரிவாக்குவேன்னு சொல்லிட்டு உக்காருங்க. தப்புன்னு மட்டும் வாயில வரப்படாது. நீங்களே தப்புன்னு சொல்லிட்டா அவரு திருப்பி அனுப்புன்னு எழுதிருவாரு. எழுதினா நம்ம கத முடிஞ்சுது." பின்னாய்வில் விரிவாக்குவேன். இத்தொடரை இதே அறையில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒருவரும் விரிவாக்கியதில்லை. குடைபோல அதை விரிக்கிறார்கள், நனையாமல் கடக்கிறார்கள், மடக்கி வாசலில் வைத்துவிட்டுப் பட்டத்தோடு வீடு போகிறார்கள். நானும் போகலாம். காகிதக் கோப்பை சுடுகிறது, விளிம்பை இரு விரல்களால் பிடிக்கிறேன், இடமாற்றிப் பிடிக்கிறேன். என் விரல்கள் சொன்னபடி மடங்குகின்றன. மடங்குவதை நான் கவனிக்கிறேன், எட்டாண்டுகளாக எதைப் பிடித்தாலும் கவனிக்கிறேன், ஏனெனில் மூன்றாம் வரிசை நாற்காலியில் என் மகள் காந்திமதி வாழையிலைத் துண்டு அல்வாவை இரு மணிக்கட்டுகளுக்கு இடையே வைத்துப் பிடித்திருக்கிறாள். மூட்டுவாதத்தால் காலையில் அவளுக்கு விரல்கள் மடங்குவதில்லை. இன்று வெந்நீரில் கை வைத்திருக்க அவளுக்கு நேரம் தரவில்லை நான். தேர்வு, தேர்வு என்று விரட்டினேன்.

அல்வாவின் நெய் இலையைத் தாண்டி அவள் முழங்கைக்கு வழிகிறது, அவள் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள், இசக்கியம்மாளிடம் ஏதோ சொல்கிறாள், அவரும் சிரிக்கிறார். என் ஆய்வு நாவல்களில் முதலாவதை அவள் எனக்குக் கொடுத்தது தன் பதினான்கு வயதில், மருத்துவமனைக் கட்டிலில், முட்டிகள் இரண்டும் வீங்கி ஜன்னல் பக்கம் திரும்பவும் முடியாமல் கிடந்த மழைக்காலத்தில். பக்கங்களை முழங்கையால் தள்ளித் தள்ளிப் படித்தாள். "எம்மா, இந்த உடம்பத் தச்ச டெய்லர் அளவே எடுக்கல. வேற யாருக்கோ வெட்டின துணிய எனக்கு மாட்டி விட்டுட்டான்." எனக்குத் தெரிந்த ஒரே விடையைச் சொன்னேன், வினைப்பயன் என்று. "பதினாலு வயசுக்குள்ள நான் அப்படி என்ன வினை செஞ்சிட்டேன்? லீவுல பத்து மணி வரைக்கும் தூங்கினதா?" முற்பிறவி என்றேன். "முற்பிறவிக்காரி வந்து ஊசி போட்டுக்கிடட்டும்" என்றாள். பிறகு புத்தகத்தை முழங்கையால் என் பக்கம் தள்ளினாள். "இதப் படி. இதுல ஒருத்தன் வாறான், அச்சு அசல் உன்ன மாதிரியே." பித்தளை வானம் என்று பெயர். ஒரு நகரம், அதற்குமேல் பித்தளைத் தகடுகளால் ஆன வானம். அதைச் செய்தவன் வார்ப்போன். அவனுக்கு இடைவெளி பொறுக்காது. இரு தகடுகளுக்கு நடுவே மயிரிழை தெரிந்தாலும் மூன்றாம் தகட்டை வைத்து அறைந்துவிடுவான். எனக்கு மேல் எவருமில்லை என்று அவன் அன்றாடம் முழங்குவான். வானம் அதை எதிரொலிக்கும். ஒருநாள் எதிரொலி சற்றுத் தாமதமாக, அவனுடையதல்லாத ஒரு குரலில் திரும்பி வருகிறது. வானத்தைத் துலக்கும் வேலைக்காரி தூவி, ஏணியின் உச்சியில், ஊசி முனையளவு துளை ஒன்றைக் காண்கிறாள். அதன் வழியாக வருகிற ஒளி, தன் நெஞ்சுக்குள் ஏற்கெனவே இருப்பது என்று அறிகிறாள். நான் முகம் சுளித்தேன். சந்திப்பிழைகள் மலிந்த நூல் என்றேன். "எம்மா, நான் சொன்னேன்ல, தகட்ட எடுத்திட்டு வாறா பாரு" என்று கட்டில் அதிரச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு வலித்திருக்கும், அவளுக்கு அப்போது எல்லாமே வலித்தது. பிழைகளைத் திருத்திக்கொண்டே நாவலை வாசித்தேன். முடித்தபோது பென்சில் கையில் இல்லை. எப்போது கீழே வைத்தேன் என்று தெரியவில்லை.

அதனால்தான் இந்தத் தலைப்பு. நெறியாளருக்குச் சொன்ன காரணம் வேறு, புதுத்துறை, இதுவரை எவரும் ஆராயாதது என்பன போன்றவை. உண்மைக் காரணம், மூன்றாம் வரிசையில் நெய்க் கையோடு அமர்ந்திருப்பவளுக்கு ஒரு விடை தயாரிக்க வேண்டியிருந்தது. நீ சொல்வதெல்லாம் நம்மிடம் முன்பே உண்டு, அதற்கு நம்மிடம் மருந்தும் உண்டு என்று, மேற்கோளோடும் அடிக்குறிப்போடும் நிறுவ வேண்டியிருந்தது. அட்டவணையின் முதல் வரிசைகள் எளிதில் பொருந்தின. அறியாமை இருள், இங்கே ஆணவம் இருள். அறிவு விடுதலை, இங்கே ஞானம் வீடு. எங்கிருந்தோ வரும் தூதர், இங்கே குரு. ஐந்தாம் வரிசையில் இடப்பக்கம் நிரம்பி வலப்பக்கம் வெறுமையாக நின்றது. ஒரு ஞாயிறு பிற்பகல், திரையில் அந்தக் கட்டத்துக்குள் சிறு கோடு ஒன்று தோன்றித் தோன்றி மறைந்தது. விழுந்த பல்லின் இடத்துக்கு நாக்கு போவதுபோல என் கண் அங்கேயே போயிற்று. படைத்தவனையே பழிக்கும் குரலுக்கு என் பக்கத்தில் இணை இல்லை. இல்லை என்பது எனக்குத் தெரியும். சிறு வயது முதல் ஓதியவள் நான், எனக்குத் தெரியாதா? ஆணவம் என்னும் இருளில் கிடக்கிற உயிருக்கு விடியும் வரைக்குமான விளக்காக உடலையும் உலகையும் இறைவன் தருகிறான் என்பதுதானே நான் கற்றது. விளக்கும் சிறையும் ஒன்றல்ல. நெறியாளர் தொலைபேசியில் சொன்னார்: "காலியா விட்டா கேள்வி வரும் டீச்சர். எதையாவது போட்டு மூடிருங்க." போட்டு மூடினேன். தளை என்று எழுதினேன். மாயையும் கட்டுத்தானே, கட்டும் சிறைதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கட்டம் நிரம்பியது, அட்டவணை நாற்புறமும் மூடியது, அந்த மாலை நன்றாக உறங்கி எழுந்தவள்போல இருந்தேன். மூடியதால் கேள்வி வராமல் இல்லை. மூடிய இடத்தில்தான் அவர் வண்ணத்தாள் ஒட்டியிருக்கிறார், மஞ்சள் நிறத்தில், என் இருக்கையிலிருந்தே தெரிகிறது.

தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. ஆடை படர்கிறது. குடித்துவிட வேண்டும், குடித்தால் இடைவெளி முடிந்துவிடும். நேற்று மாலை காந்திமதி துணி மடித்துக்கொண்டே, அதாவது நான் மடித்ததைக் கலைத்துக்கொண்டே, சொன்னாள்: "நாளைக்கு நானும் ஒரு கேள்வி கேக்கப் போறேன்." என்ன கேட்பாய் என்றேன். "சொல்ல மாட்டேன். சொன்னா அது சுடலைமணி சார் கேள்வி மாதிரி ஆயிரும்." ஏட்டி, விளையாடாதே, எனக்கு இது வாழ்வா சாவா என்றேன். "எனக்கும்தான்" என்றாள், சிரிக்காமல். பிறகு சிரித்தாள். எது மெய் என்று இரவெல்லாம் தெரியவில்லை. எனக்கு இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று நான் இங்கே நின்று சொன்னால், பட்டம் வரும், பெயருக்கு முன்னால் முனைவர் வரும், அவள் கைதட்டுவாள், மணிக்கட்டுகளால் தட்டுவாள், ஓசை வராது. வீட்டில் எனக்கு எதிரில் உட்கார்ந்து இனி எதையும் கேட்க மாட்டாள். கேட்டால் அம்மா ஒரு தகட்டை எடுத்து வந்து மூடுவாள் என்று அவளுக்கு உறுதியாகிவிடும். அதுதான் என் அச்சம். திருப்பி அனுப்புவது கூட அதற்குப் பிறகுதான். இல்லை, பொய், அதுவும் அச்சம்தான், இரண்டும் ஒரே அளவு, ஒன்றன்மேல் ஒன்று. ஏழாண்டு ஞாயிற்றுக்கிழமைகள், பேருந்தில் நின்றபடி வாசித்தவை, பள்ளியில் முனைவரம்மா வாறாங்க என்று முன்கூட்டியே கேலி செய்த ஆசிரியர் அறை. அவர்களிடம் என்ன சொல்வது? பின்னாய்வில் விரிவாக்குவேன் என்றா?

அவள் தலை உயர்த்துகிறாள். என்னைப் பார்க்கிறாள். புருவத்தைத் தூக்குகிறாள், என்ன என்று. ஒன்றுமில்லை என்று நான் தலையசைக்கிறேன். இத்தனை நாள் அவள் சொன்னதை நான் விரக்தி என்று படித்துவிட்டேன். வானம் பித்தளை என்று சொல்கிறவள் பித்தளையல்லாத ஒரு வானத்தை எங்கோ கண்டிருக்க வேண்டும். அளவெடுக்காமல் தைத்தான் என்று குறை சொல்ல, சரியான அளவு என்று ஒன்று உண்டு என்ற நம்பிக்கை வேண்டும். நம்பிக்கை இழந்தவர்கள் குறை சொல்வதில்லை, நான் பார்த்திருக்கிறேன், அந்த மருத்துவமனைக் கூடத்திலேயே பார்த்திருக்கிறேன், அவர்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்கள். இவள் சண்டை போட்டாள். ஆக, அவளும் விடியலுக்குத்தான் காத்திருக்கிறாள், நானும் விடியலுக்குத்தான், எனவே அடிப்படையில் இரண்டும் ஒன்றே. நில். நில் செண்பகவல்லி. இதோ மறுபடியும். ஒரு தகட்டைக் கழற்றி முடிக்கவில்லை, அதற்குள் அடுத்ததைக் கை தேடுகிறது. ஒன்றல்ல. அவள் காலையில் கண் விழிக்கும்போது கை அவளுடையதாக இல்லை, அது பூட்டு. நான் அருகில் உட்கார்ந்து வெந்நீர்ப் பாத்திரத்தில் அந்தக் கையை இடும்போது, சற்று நேரத்தில் சுண்டுவிரல் முதலில் அசைகிறது, பிறகு மற்றவை, மொட்டைப்போல என்று எழுதக் கூடாது, விரலைப்போலத்தான், விரல் விரலைப்போல விரிகிறது. அந்த ஒரு பொழுதில் அவள் பூட்டு திறந்தது என்கிறாள், நான் விளக்கு எரிகிறது என்கிறேன். ஒரே பாத்திரம், ஒரே நீர். இருவர் சொல்வதும் வேறு. வேறாக இருப்பதால் ஒன்றும் இடிந்துவிடவில்லை, நீர் சூடாகவே இருக்கிறது. இதை ஏன் நான் அட்டவணையில் பொறுக்கவில்லை? தேநீரைக் குடித்துவிட்டேன். எப்போது குடித்தேன்? அடியில் சர்க்கரை கரையாமல் கிடந்திருக்கிறது, கடைசி மிடறு அத்தனையும் இனிப்பு.

எழுந்து நின்றேன். ஜெபமணி வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆங், சொல்லுங்க டீச்சர்" என்றார். சுடலைமணி என்னைப் பார்த்து உதடுகளால் பின்னாய்வு என்று அசைத்தார். "ஐயா, அந்த இணை பிழையானது" என்றேன். என் குரல் வகுப்பில் ஒலிப்பதுபோல ஒலித்தது. "அவை ஒன்றல்ல. ஒன்றில் உலகம் அறியாமையால் கட்டப்பட்டது, மற்றதில் அருளால் தரப்பட்டது. வலப்பக்கத்தில் எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததைக் கிடைத்ததாக எழுதினேன்." அறையில் ஒருவர் கையில் மிக்சர் பொட்டலம் சரசரத்து நின்றது. சுடலைமணி கண்ணை மூடிக்கொண்டார். "அப்போ அந்தக் கட்டத்துல என்ன போடப் போறிய?" "ஒன்றுமில்லை ஐயா. காலியாக விட வேண்டும். இந்த ஆய்வில் நான் உண்மையாகக் கண்டறிந்தது அந்தக் காலியிடம் ஒன்றைத்தான். அங்கேதான் இந்த நாவல்கள் நமக்குப் புதியவை." ஜெபமணி மஞ்சள் தாளை உரித்தார், அதைத் தம் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு பார்த்தார். "அவையிலேருந்து வேற யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று கேட்டார். முன்வரிசையில் மாணவர் ஒருவர் மடித்த சீட்டோடு எழப் பார்த்தார். அதற்குள் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு முழங்கை உயர்ந்தது.

"ஆய்வாளருக்கு ஒரு கேள்வி" என்றாள் காந்திமதி. ஆய்வாளருக்கு. "நாவல் கடைசியில தூவி அந்தத் துளை வழியா மேல போயிடுறா. வார்ப்போன் கீழ தனியா நிக்கான், சுத்தியல வச்சுக்கிட்டு. அதோட கத முடியுது. எல்லாருக்கும் விடுதல உண்டு, சரி. வார்ப்போனுக்கு உண்டா?" சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நாவலில் விடையில்லை, துணைநூல்களில் விடையில்லை, பழைய ஞானவாத மரபில் எங்கோ ஓரிடத்தில் கீழ்த்தெய்வங்களுள் ஒருவன் மனம் திரும்பினான் என்று ஒரு குறிப்பு உண்டு, அதை அடிக்குறிப்பாகத் தரலாம், பக்க எண் நினைவிருக்கிறது. தரவில்லை. "உண்டு" என்றேன். "தான் அறைந்த தகடுகளில் ஒன்றைத் தன் கையாலேயே கழற்றினால்." "நாவல்ல அப்படி ஒண்ணும் இல்லையே?" "இல்லை." "அப்போ ஆதாரம்?" "ஆதாரம் இல்லை. என் கருத்து." சுடலைமணி கண்ணைத் திறந்தார். ஆய்வாளர் ஒருவர் அந்த அறையில் ஆதாரம் இல்லை என்று சொல்லி அவர் கேட்டதில்லை. காந்திமதி "ஏத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, மிச்ச அல்வாவை மணிக்கட்டுகளால் வாய்க்குக் கொண்டுபோனாள். வழிந்தது. ஜெபமணி பேனாவைத் திறந்தார்.

பின்னர் முடிவானவை: ஆய்வேடு திருப்பி அனுப்பப்படவில்லை. ஒரு திருத்தத்துடன் பட்டத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டது. திருத்தம், ஐந்தாம் வரிசையின் வலப்பக்கத்தை வெறுமையாக்குதல். அவ்வாறே செய்யப்பட்டது. பைண்டிங் கடைக்காரர் இருமுறை தொலைபேசியில் அழைத்து, "டீச்சர், ஒரு கட்டம் அச்சாகாம விட்டுப்போச்சு" என்றார், விட்டுப்போகவில்லை என்று இருமுறையும் உறுதி செய்யப்பட்டது. சுடலைமணி ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, கேள்வி வந்தாலும் வரட்டும், இணை இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள் எனத் தம் மற்ற மாணவர்களிடம் சொல்லி வருவதாகக் கேள்வி. அந்த அறிவுரையைத் தாமே கண்டுபிடித்ததாகவும் கேள்வி. ஆசிரியர் அறையில் கேலி நிற்கவில்லை, ஆனால் இப்போது அது உண்மைப் பட்டத்தின் மீதான கேலி. காந்திமதியின் மருந்து மாற்றப்பட்டது. மூட்டுவீக்கம் சற்றுக் குறைந்திருக்கிறது, காலையில் விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. இவ்வுலகைச் செய்தவர் யார், ஏன் இப்படிச் செய்தார் என்பது முடிவாகவில்லை. அதைப் பற்றிய வாதம் நாள்தோறும் காலையில், வெந்நீர் ஆறும்வரை நடக்கிறது. நீர் ஆறிவிட்டால், அவள் பாத்திரத்தைக் கண்ணால் காட்டுகிறாள். நான் எழுந்துபோய் இன்னும் கொஞ்சம் சூடாக்கிக் கொண்டுவருகிறேன்.